நெடுநாள் கழித்து இருட்டறைக்குள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

பணி ஓய்வு பெற்றதும் பரணிலிருந்து கேமராவையும் என்லார்ஜரையும் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிப் படமாக்கும் கருவி) இறக்கியவர்களில் பலர் முதல் இரண்டு ரோல்களோடு நின்றுவிடுகிறார்கள். கழுவி எடுத்த ஃபிலிம் வெளுத்திருக்கும், இல்லையென்றால் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். “கை மறந்துவிட்டது” என்று எல்லாவற்றையும் மறுபடி மூட்டை கட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டில் ரீலில் ஃபிலிம் ஏற்றிப் பழகிய கை முப்பது வருஷம் கழித்தும் அதை லேசில் மறப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் வயதானவை வேறு: கேமராவின் பின்கதவில் ஒட்டிய பஞ்சு, ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெய், ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பரின் பாதி தீர்ந்த பாட்டில், நம்முடைய கண். தப்பு இவற்றில் எதில் என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டி ஃபிரேம் எண்ணும் ஃபிலிமின் பெயரும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் ஒளி அளக்கும் மீட்டருக்கும் அதில் பங்கே கிடையாது. அந்த எழுத்து நல்ல கறுப்பாகத் தெளிவாக இருந்தால் கழுவியதில் குறையில்லை, கேமராவைச் சோதியுங்கள். எழுத்தே மங்கியிருந்தால் கேமராவை விட்டுவிட்டு டெவலப்பரைச் சோதியுங்கள். பிரிண்ட்டை வைத்து நெகட்டிவின் நோயைத் தேடப் போனால் வீணாகச் சுற்ற வேண்டிவரும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபிலிம், டெவலப்பர், கரைசல் விகிதம், வெப்பநிலை, நிமிடம் ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

## ரோல் முழுக்க வெறுமையாக இருக்கிறது

ஓரத்து எழுத்து இருக்கிறது, படம் மட்டும் இல்லை: ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை. ஃபிலிமின் நாக்கு, அதாவது முன்முனை, சுருளில் பிடிக்காமல் நழுவியிருக்கும். அடுத்த ரோலைப் போட்டதும் ரீவைண்ட் குமிழைத் தளர்வு போகும்வரை மெதுவாகத் திருப்பி இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பின்கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள். ஃபிலிம் நகர்ந்தும் படம் இல்லை என்றால் ஷட்டர் திறக்கவில்லை. ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலைப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திப் பாருங்கள்.

எழுத்தும் இல்லை, படமும் இல்லை: டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் முதலில் உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கும். பாட்டில்களின் மேல் பெரிய எழுத்தில், வெவ்வேறு நிறத்தில் பெயர் ஒட்டுங்கள்; சிவப்பு விளக்கில் சிவப்பு எழுத்து மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். டெவலப்பர் மேல் சந்தேகம் என்றால் சோதனை சுலபம். ரோலின் நாக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பகல் வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடங்களில் அட்டக்கறுப்பாக வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால் நான் இதைச் செய்கிறேன்.

எந்த டெவலப்பர் எப்படிச் சாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கலந்து வைத்த டி-76 நிரம்பிய, இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியானால் இரண்டு மாதம்தான். எக்ஸ்டால் நிறமே மாறாமல் வலுவிழக்கும், பார்வையை நம்ப முடியாது. 1891இல் வந்த ரோடினால் வகை அடர் கரைசலோ காப்பி நிறத்துக்குக் கறுத்த பின்னும் வருஷக்கணக்கில் வேலை செய்யும். மாதத்துக்கு ஒரு ரோல் கழுவுகிறவருக்கு அதைத்தான் நான் சொல்வேன்: தேவையான சில மில்லியை எடுத்துத் தண்ணீரில் கலந்து, ஒரே தடவை உபயோகித்துக் கொட்டிவிடலாம். கொஞ்சம் குருணை, அதாவது படத்தில் தெரியும் மணிமணியான துகள், தூக்கலாகத் தெரியும், அது அதன் குணம்.

## ரோல் முழுக்கக் கறுத்திருக்கிறது

ஓரமும் சேர்ந்து கறுத்திருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. அன்று நம் இருட்டறையில் இல்லாத பொருள்கள் இன்று வீடெங்கும் இருக்கின்றன: கையில் ஸ்மார்ட் வாட்ச், சட்டைப் பையில் செல்போன், சுவரோரம் மினுக்கும் பச்சை விளக்கு. அணைத்த பிறகும் சிறிது நேரம் மங்கலாக ஒளிரும் நவீன பல்புகளும் உண்டு. அறையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வயதான கண் இருட்டுக்குப் பழக இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், பத்து நிமிடமே கொடுங்கள். அதற்குள் கதவின் கீழ் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இன்றைய ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பையும் பார்ப்பவை. சிவப்பு விளக்கு பேப்பருக்கு மட்டும்தான், ஃபிலிம் ஏற்றும்போது அதுவும் கூடாது.

## எல்லா ஃபிரேமும் மெலிந்திருக்கிறது

மெலிவு என்றால் நெகட்டிவ் போதிய கறுப்பில்லாமல் வெளிறியிருப்பது. திரும்பி வந்தவர்களிடம் அதிகம் பார்க்கும் நோய் இது. சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு வகை மெலிவையும் பிரித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவில் நிழற்பகுதிகள், அதாவது கண்ணாடி போல் தெளிவான இடங்கள், அவற்றில் ஏதாவது விவரம் இருக்கிறதா? தலைமுடியின் இழை, கறுப்புத் துணியின் மடிப்பு? அது இருந்தும் வெளிச்சப் பகுதி கறுக்காமல் எல்லாமே சோகை பிடித்ததுபோல் இருந்தால் கழுவியது போதவில்லை. ஓரத்து எழுத்தும் மங்கியிருக்கும். நிழலில் ஒன்றுமே இல்லை, எழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஃபிலிமுக்கு ஒளி போதவில்லை.

ஒளி போதாததற்கு, 1960களிலும் 70களிலும் வந்த கேமராக்களில் முதல் சந்தேகம் பேட்டரி. அவற்றில் பலவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி இப்போது தயாராவதில்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இல்லாத மீட்டர், இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். நீங்கள் அதை நம்பி ஒளியைக் குறைப்பீர்கள். காது கேட்கும் கருவியில் போடும் 675 என்ற துத்தநாக-காற்று பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட். ஒரு ரப்பர் வளையம் சுற்றினால் 625 என்ற பழைய பாதரச பேட்டரியின் இடத்தில் பொருந்தும். ஒட்டியிருக்கும் தாளை உரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் கரையத் தொடங்கும், அதனால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். மேகமில்லாத நடுப்பகலில் வெயில் நேராக விழும் பொருளுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஃபிலிமின் வேகத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு இன்றும் பொய்க்காது. 400 வேக ஃபிலிமுக்கு 1/500 நொடி என்று வையுங்கள். மீட்டர் இதற்கு ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் அளவு) மேல் விலகிச் சொன்னால் அதை நம்பாதீர்கள்.

ஷட்டரின் பழைய எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகிவிடும். மெதுவான வேகங்கள் இன்னும் மெதுவாகி, ஒளி கூடிப்போய் நெகட்டிவ் மெலிவதற்குப் பதில் தடிக்கும். பின்கதவைத் திறந்து வைத்து, செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஓடும் மெதுவீடியோ எடுங்கள். 1/30 நொடிக்கு ஷட்டர் சுமார் எட்டு ஃபிரேமில் திறந்திருப்பது தெரிய வேண்டும். பதினாறு ஃபிரேம் திறந்திருந்தால் வேகம் பாதியாகிவிட்டது. ஐம்பது தடவை சும்மா அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். சில ஷட்டர்கள் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டு எண்ணெயை ஒரு சொட்டுகூட உள்ளே விடாதீர்கள். அது அப்பர்ச்சர் இதழ்களில் பரவிவிடும்.

கழுவியது போதாததற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் தெர்மாமீட்டர்தான். எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரின் சரிபாதி கரைசலில் 20 டிகிரியில் 13 நிமிடம். தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் அந்த நேரம் போதாது. மாறாக அறையின் தண்ணீர் 24 டிகிரி என்றால் அதே 13 நிமிடம் மிகைக் கழுவல். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும், ஒன்பது நிமிடம் போதும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகும் நேரங்களைத் தவிருங்கள், திட்டுத்திட்டாக வரும். அப்படி வந்தால் கரைசலை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள், அல்லது பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் வைத்துவிடுங்கள்.

## ரீலில் ஏற மறுக்கிறது. பிறை போன்ற தடங்கள்

விரல் நுனியின் உணர்வு குறைந்திருக்கலாம், மூட்டு வலிக்கலாம். அதற்கு வழியிருக்கிறது. பிளாஸ்டிக் ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் நாள் கழுவிய ரீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் நடுவழியில் ஒட்டிக்கொள்ளும். ஃபிலிமின் இரு முனைகளையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டுங்கள். சேஞ்சிங் பையில் (கையை நுழைத்து ஃபிலிம் ஏற்றும் ஒளி புகாத பை) கை வியர்த்தால் அவசரப்படாமல் ஃபிலிமை டேங்குக்குள் விட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்து ஆறி வாருங்கள். ஒரு வீணான ரோலை வைத்துப் பகலில் பத்து தடவை, பிறகு கண்ணை மூடிப் பத்து தடவை ஏற்றிப் பழகினால் முப்பது வருஷ இடைவெளி ஒரு சாயங்காலத்தில் காணாமல் போகும்.

வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ஃபிலிம் மடங்கி, அந்த இடத்தில் பிறைநிலா வடிவில் ஒரு தடம் விழும். அதை அழிக்க முடியாது. ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்துக்கு மருந்து போகாமல் திட்டாகத் தெரியும்.

## ஓரத்திலிருந்து கறுத்த பட்டை நீள்கிறது

படத்துக்கு வெளியே துளைகள் வரைக்கும் கறுப்பு ஓடினால் பின்கதவில் ஒளி கசிகிறது. பழைய கேமராக்களின் கதவு ஓரப் பஞ்சு நாளடைவில் கரைந்து பிசினாகிவிடும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். பழையதை மரக்குச்சியாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் சுரண்டி எடுத்துப் புதுப் பஞ்சு ஒட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஷட்டர் திரையைத் தொட்டுவிடாதீர்கள். எஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி மேலேறி மோதும் இடத்திலும் ஒரு பட்டைப் பஞ்சு உண்டு, அதையும் மாற்றுங்கள்.

கசிவு ஃபிரேமுக்குள் மட்டும் நட்சத்திரம் போல் புள்ளியாக வந்தால் துணி ஷட்டரில் ஊசித்துளை. லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டில் டார்ச்சை முன்னால் காட்டிப் பின்பக்கமிருந்து பாருங்கள்.

## புள்ளிகள், கோடுகள், கறைகள்

வட்டமான தெளிந்த புள்ளி: காற்றுக்குமிழ். டெவலப்பரை ஊற்றியதும் டேங்கை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள். துளைகளிலிருந்து படத்துக்குள் கோடு பாய்கிறது: அளவுக்கு மீறிக் குலுக்கியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து நொடிக்குள் நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

காய்ந்த சொட்டு போன்ற கறை தண்ணீரின் உப்பு. கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரும் அதில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியச் செய்யும் ஃபோட்டோ-ஃப்ளோ ஓரிரு சொட்டும் போடுங்கள். நுரை பொங்கினால் அதிகமாகிவிட்டது. பளபளக்கும் பக்கத்தில் படிந்த கறையை ஊதி ஆவியிட்டு மெல்லிய துணியால் துடைக்கலாம். மங்கலான பக்கத்தில் என்றால் துடைக்காமல் மறுபடி நனைத்து அலசுங்கள்.

ஃபிலிம் முழுக்கப் பால் படர்ந்ததுபோல் இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. கவலையில்லை, புது ஃபிக்ஸரில் மறுபடி போடுங்கள், தெளிந்துவிடும். இதை முன்கூட்டியே தடுக்கலாம். நாக்குத் துண்டை ஃபிக்ஸரில் போட்டு அது தெளிய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். அதன் இரட்டிப்பு நேரம் ஃபிலிமுக்கு. டி-மேக்ஸ், டெல்டா வகை ஃபிலிமுக்கு மூன்று மடங்கு கொடுங்கள். இந்தத் தெளியும் நேரம், புதிதாகக் கலந்த அன்று இருந்ததைப் போல இரண்டு மடங்கானால் ஃபிக்ஸர் ஓய்ந்துவிட்டது. டி-மேக்ஸில் தங்கும் ரோஸ் சாயமும் பெரும்பாலும் இந்தக் குறைதான். மறுபடி ஃபிக்ஸர், நீண்ட அலசல்.

## படம் துல்லியமாக இல்லை

பெரிதாக்கும் கண்ணாடியில் பிரிண்ட்டின் குருணையைப் பாருங்கள். குருணை மணிமணியாக இருந்தும் முகம் மங்கலா? என்லார்ஜரில் குறையில்லை, படம் எடுக்கும்போதே ஃபோகஸ் தவறியிருக்கிறது. குருணையும் சேர்ந்து குழம்பியிருந்தால் என்லார்ஜர்தான்: ஃபோகஸ், அதிர்வு, அல்லது விளக்குச் சூட்டில் நெகட்டிவ் நடுவில் வளைந்திருப்பது. நெகட்டிவைச் சிறிது நேரம் சூடாக விட்டு, பிறகு ஃபோகஸ் செய்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் என்லார்ஜர் தலை சாய்ந்திருக்கிறது.

கேமராவில் தவறுகிறது என்றால் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போட்டு வியூஃபைண்டரில் பார்க்கும்போது, கிட்டப்பார்வைக்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முகத்தைச் சற்றே தாழ்த்தி, தூரப்பார்வைப் பகுதி வழியே பாருங்கள். பல கேமராக்களுக்குக் கண்ணருகே மாட்டும் திருத்த லென்ஸும் உண்டு. என்லார்ஜரில் குருணை பார்க்கும் உருப்பெருக்கிக்கும் இதே கதை: அதற்குள் கோடு இருந்தால், முதலில் அந்தக் கோடு உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகும்படி கண்வில்லையைத் திருப்பிக்கொள்ளுங்கள். வேறொருவர் கண்ணுக்கு அமைத்ததை வைத்து ஃபோகஸ் செய்தால் எல்லாமே தப்பாகும்.

எல்லாப் படமும் பனி படர்ந்ததுபோல் வெளுத்திருந்தால் லென்ஸின் குறுக்கே டார்ச் அடியுங்கள். சிலந்திவலை போன்ற இழை தெரிந்தால் பூஞ்சை. கேமரா லென்ஸ் என்றில்லை, என்லார்ஜர் லென்ஸிலும் அதே பூஞ்சை வளரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

## பிரிண்ட்டில் வெள்ளை வெள்ளையாக இல்லை

சாம்பல் பூத்த பிரிண்ட்டுக்கு இரண்டு காரணம்: பழைய பேப்பர், அல்லது பாதுகாப்பில்லாத பாதுகாப்பு விளக்கு, அதாவது பேப்பருக்கான சிவப்பு விளக்கு.

பேப்பரை முதலில் சோதியுங்கள். முழு இருட்டில் ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நேராக ஃபிக்ஸரிலும் மற்றதை இரண்டு நிமிடம் டெவலப்பரில் போட்டுப் பிறகு ஃபிக்ஸரிலும் இடுங்கள். விளக்கு போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது சாம்பலாக இருந்தால் பேப்பர் கெட்டிருக்கிறது. பழைய பெட்டியின் மேல் எத்தனை ஆசை இருந்தாலும் பழகும் நாட்களில் புதுப் பேப்பர் வாங்குங்கள். அதில் எழும் சந்தேகங்கள் பாதியாகக் குறையும்.

பேப்பர் சரி என்றால் விளக்கு. வெள்ளைத் தாளை விளக்கடியில் காயவைத்துச் சோதிப்பது போதாது, ஏனென்றால் ஏற்கெனவே ஒளி பட்ட பேப்பர் இன்னும் எளிதாகக் கறுக்கும். என்லார்ஜரில் லென்ஸின் அப்பர்ச்சரை நன்றாகக் குறைத்து, லேசான சாம்பல் வருமளவுக்குத் தாள் முழுவதும் சிறிது ஒளி கொடுங்கள். அதன்மேல் ஒரு காசை வைத்து, பாதுகாப்பு விளக்கின் கீழ் ஏழு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல. பல்பை 15 வாட்டுக்குக் குறைத்து, ஒன்றேகால் மீட்டராவது தள்ளி வையுங்கள். வெளிறிப்போன பழைய ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பிரிண்ட் சப்பென்று இருந்தால் நேரத்தைக் குறைத்துச் சீக்கிரம் எடுக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம். கறுத்துவிடுமோ என்ற பயத்தில் முப்பது நொடியில் பேப்பரை இழுத்தால் கறுப்பு கறுப்பாகாது. ஆர்சி பேப்பருக்கு (பிளாஸ்டிக் பூசியது) ஒரு நிமிடம் முழுதாகக் கொடுத்து, தவறை என்லார்ஜரின் நேரத்தில் திருத்துங்கள். பிறகு ஃபில்டர். ஃபில்டரை மாற்றிக் கறுப்பு-வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, 1940இல் வந்த மல்டிகிரேடு பேப்பரின் இன்றைய வாரிசுகளுக்கு 00 முதல் 5 வரை ஃபில்டர் உண்டு. வெளிச்சப் பகுதி சரியாக வரும் நேரத்தை முதலில் பிடியுங்கள், நிழலின் கறுப்பு போதாவிட்டால் ஒரு எண் ஏற்றுங்கள், மிகுந்தால் இறக்குங்கள். என்லார்ஜரின் பழைய பல்புக்குப் பதில் எல்இடி போட்டிருந்தால் ஃபில்டர் எண்கள் பழையபடி நடந்துகொள்ளாது. உங்கள் விளக்குக்கு நீங்களே ஒரு அட்டவணை தயாரிக்க வேண்டும்.

மஞ்சள் கறை என்றால் இடுக்கி. ஃபிக்ஸரில் முங்கிய இடுக்கி டெவலப்பருக்குத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி.

## உடம்பு காட்டும் அறிகுறிகள்

இருமல், மூச்சு இறுக்கம்: அமில ஃபிக்ஸரிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர் இதைச் சகித்துக்கொள்ளக் கூடாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி போடுங்கள், மணமில்லாத ஃபிக்ஸருக்கு மாறுங்கள், உபயோகிக்காத தட்டை மூடி வையுங்கள். விரலில் அரிப்பும் வெடிப்பும்: பலருக்கு டெவலப்பரில் இருக்கும் மெட்டால் என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாது. கையுறை போடுங்கள், அதற்குப் பதில் ஃபெனிடோன் சேர்ந்த டெவலப்பரை எடுங்கள். இடுப்பு வலி: தட்டுகள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஒரு உயர நாற்காலி. தரை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் வழுக்கி விழுவதுதான் இந்த வயதில் இருட்டறையின் உண்மையான ஆபத்து.

## எதுவும் பொருந்தவில்லை

அப்போது பழைய நெகட்டிவ் ஒன்றை எடுங்கள். முன்பு நல்ல பிரிண்ட் தந்தது, அந்த பிரிண்ட்டும் கையில் இருப்பது. அதையே என்லார்ஜரில் வைத்து இன்று ஒரு பிரிண்ட் போட்டு, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பேப்பர், விளக்கு, என்லார்ஜர், மருந்து எல்லாம் தேறிவிட்டன. குறை புது நெகட்டிவில். புதியது மட்டமாக இருந்தால் கேமராவை இனிச் சந்தேகிக்க வேண்டாம், இருட்டறைக்குள்ளேயே தேடுங்கள்.

நான் எடுத்தது என் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நெகட்டிவ். முதல் பிரிண்ட் மங்கலாக வந்தது, விளக்கை மாற்றினேன். இரண்டாவதில் புடவை மட்டும் தெரிந்தது, ஃபில்டரை ஒரு எண் ஏற்றினேன். மூன்றாவதில் அவர் நெற்றிச் சுருக்கம் பழைய பிரிண்ட்டில் இருந்ததைவிடத் தெளிவாக வந்தது.